ஏர் ஃபில்டருக்கு ஏறும் இன்ஜின் சூடு: எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம்?

கத்திரி வெயில் தொடங்கியதும் பைக் வைத்திருப்பவர்களிடம் ஒரே புலம்பல்தான். காலையில் நன்றாக இழுத்த வண்டி மதியம் சிக்னலில் நின்று கிளம்பும்போது திணறுகிறது. ஐட்லிங் ஏறி இறங்குகிறது. கடைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து உதைத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. இன்ஜின் சூடு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கும் ஏர் ஃபில்டருக்கும் ஏறுவதுதான் காரணம் என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதற்கு என்ன செய்வது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். சைலன்சரின் வளைந்த முன்குழாயான பெண்ட் பைப்பில் வெப்பம் தடுக்கும் நாடா (ராப்) சுற்று, ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியை (ஏர் பாக்ஸ்) கழற்றிவிட்டு கூம்பு வடிவ கோன் ஃபில்டர் போடு, தங்க நிற டேப் ஒட்டு, முன்னாலிருந்து குழாய் விடு, ஆயில் கூலர் வை.

இந்த யோசனைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம். நான் மனதில் வைத்திருப்பது 100 முதல் 350 சிசி வரையிலான, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டிகள்: ஸ்ப்ளெண்டர், பழைய பல்சர், ஆர்எக்ஸ் 100, புல்லட் போன்றவை. ரேடியேட்டர் வண்டிகளைக் கடைசியில் தொட்டுக்கொள்ளலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரிசல் விட்ட, தொலைந்துபோன கம்பெனி பாகங்களைப் பழையபடி கொண்டுவருவது முதல் வேலை. அதற்கு மேலும் தேவைப்பட்டால், இடைவெளி விட்டுப் பொருத்திய அலுமினியத் தகடு. மற்றவற்றில் பெரும்பாலானவை உங்கள் வண்டிக்குத் தேவைப்படாது. கோன் ஃபில்டர் விஷயத்தில், சூட்டைக் குறைக்கிறோம் என்று நினைத்துக் கூட்டிக்கொள்கிறோம்.

எவ்வளவு சக்தி போகிறது?

காற்று சூடேறினால் விரியும், அதே கொள்ளளவில் ஆக்சிஜன் குறையும். வெளியே 35 டிகிரி, ஏர் ஃபில்டர் வாயில் 55 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் இது 308, 328. காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைந்துவிடும். ஆனால் இன்ஜின் சக்தி அதே அளவுக்குக் குறைவதில்லை. எப்படியிருந்தாலும் காற்று உள்ளே போகும் வழியில், போர்ட்டிலும் சிலிண்டர் சுவரிலும் சூடாகத்தான் போகிறது. அதனால்தான் இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ கருவியில் வெப்பநிலைக்குத் திருத்தம் போடும் எஸ்ஏஇ சூத்திரம் கெல்வின் அளவை அப்படியே எடுக்காமல் அதன் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் 20 டிகிரிக்கு மூன்றரை, நான்கு சதவீத இழப்புதான் வரும். 20 பிஎச்பி தரும் 350 சிசி வண்டியில் இது முக்கால் பிஎச்பி. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், அதே வண்டி ஊட்டிக்கு ஏறும்போது காற்றழுத்தம் குறைவதால் மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சக்தியை இழக்கிறது. நாம் அதைப் பொறுத்துக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறிவிடுகிறோம்.

ஆக, நெடுஞ்சாலையில் பிக்கப் கூட வேண்டும் என்பதற்காக மட்டும் இந்த வேலையில் இறங்கினால் பலன் கையில் தெரியாது. சூட்டின் உண்மையான தொல்லைகள் வேறு. ஒன்று, நாக்கிங். உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் கலவை தானாகவே வெடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. இன்னொன்று, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதிப்பது. பெட்ரோல் என்பது பல திரவங்களின் கலவை. அதில் இலேசானவை 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். ஸ்டார்ட் ஆகாத தொல்லைக்கும் ஐட்லிங் தள்ளாட்டத்துக்கும் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

ஓடும்போது அல்ல, நிற்கும்போது

350 சிசி இன்ஜின் 4000 ஆர்பிஎம்மில் முழு த்ராட்டிலில் வினாடிக்குப் பதினோரு லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறது. ஏர் பாக்ஸின் கொள்ளளவோ சில லிட்டர்தான். அதாவது ஓடும் வண்டியில் பெட்டிக்குள் காற்று ஒரு வினாடிகூடத் தங்குவதில்லை, பெட்டியின் சுவர் சூடாக இருந்தாலும் காற்றைச் சூடாக்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும்போது கதை தலைகீழ். த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் வினாடிக்கு ஒரு லிட்டர்கூடப் போகாது. காற்று பெட்டிக்குள் பல வினாடிகள் தேங்கி நிற்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் மடிப்புகளான ஃபின்களின் மேல் காற்றோட்டமும் இல்லை. சாவியைத் திருப்பி அணைத்தபின் இன்னும் மோசம்: சிலிண்டரின் மேல்பகுதியான ஹெட்டில் இருக்கும் சூடு அத்தனையும் போக வழியில்லாமல் பக்கத்தில் இருக்கும் கார்புரேட்டருக்குள் ஊறும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் அது உச்சத்துக்குப் போகும். கடைக்குப் போய்த் திரும்பும் நேரமும் அதுதான்.

எந்த வழியையும் எடைபோட இந்த ஒரு கேள்வி போதும்: நிற்கும் வண்டியில், ஹெட்டிலிருந்து பின்னால் வரும் சூட்டை இது தடுக்கிறதா?

முதலில் அளந்து பாருங்கள்

மீன் தொட்டிக்கு விற்கும், ஒயர் நுனியில் சென்சார் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அதன் நுனியை ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயில் (உள்ளே விழுந்துவிடாதபடி) கட்டிவிட்டு, திரையை டேங்க் பையில் வைத்துக்கொண்டு மதியம் ஒரு சுற்றுப் போங்கள். ஓடும்போது வெளிக்காற்றைவிட நாலைந்து டிகிரி கூட இருந்தால் உங்கள் பெட்டி நல்ல இடத்திலிருந்துதான் மூச்சு வாங்குகிறது, அதைத் தொட வேண்டியதில்லை. ஓடும்போதே பதினைந்து, இருபது டிகிரி கூட இருந்தால் ஏதோ ஒரு பாகம் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை வைத்து அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பளபளப்பான உலோகத்தில் அது பொய் சொல்லும். பளபளப்பான பரப்பு வெப்பக் கதிரைக் குறைவாக வெளியிடுவதால், சுடச்சுட இருக்கும் அலுமினியத் தாளையும் கருவி ‘குளிர்ச்சி’ என்று காட்டிவிடும். தங்க டேப் ஒட்டியபின் இருபது டிகிரி இறங்கியதாகக் காட்டும் வீடியோக்களில் பல இப்படித்தான் வருகின்றன. அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அளந்தால்தான் உண்மை தெரியும்.

இருந்ததைச் சரிசெய்வது

கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு கறுப்புத் துண்டு இருக்கும். மெக்கானிக்குகள் இன்சுலேட்டர் என்பார்கள், சிலர் பேக்கலைட் பேக்கிங் என்பார்கள். குக்கர் கைப்பிடி செய்கிற அதே வகைப் பொருள்தான். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பல நூறு மடங்கு குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும். சில மில்லிமீட்டர் தடிமன்தான், ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் பொருள்களிலும் அதிகம் உழைப்பது அதுதான். சில வண்டிகளில் அதே வேலையை ரப்பர் மேனிஃபோல்ட் செய்கிறது.

பழைய வண்டியில் இதைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். இரண்டு நட்டுகள், பத்தாம் நம்பர் ஸ்பேனர், அவ்வளவுதான் வேலை. துண்டின் ஓரத்தில் ஈரமான கறை படிந்திருந்தால் அந்த வழியாக ஏர் இழுத்திருக்கிறது. கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விளக்குக்கு எதிரே பிடித்தால், வளைந்திருக்கும் இடத்தில் வெளிச்சம் கீற்றாகத் தெரியும். பல வருடம் இறுக்கி இறுக்கி கார்புரேட்டரின் காதுகளே வளைந்துபோயிருப்பதும் உண்டு. அந்த முகத்தைக் கண்ணாடி மேல் விரித்த நைஸ் எமரித் தாளில் தேய்த்துச் சமமாக்கலாம். ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் மாற்றிவிட வேண்டும். ஏர் இழுக்கிறதா என்று கழற்றாமலே பார்க்க, ஐட்லிங்கில் அந்த மூட்டின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் போதும். இன்ஜின் சத்தம் ஒரு கணம் மாறினால் கசிவு உறுதி. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள், தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

இந்தக் கசிவு சூட்டை இரண்டு பக்கமிருந்தும் கூட்டுகிறது. கூடுதல் காற்று புகுந்தால் கலவை லீன் ஆகும் (பெட்ரோலின் பங்கு குறையும்), லீன் ஆனால் ஹெட் இன்னும் சுடும், அந்தச் சூடு திரும்ப கார்புரேட்டருக்கே வரும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு 13.5-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான ஜெட் பழையதாகவே இருந்தால் வண்டி முன்பைவிட லீனாகத்தான் ஓடும். ப்ளக் வெளுத்துப்போய் இருந்தால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றுவதும், ஏர் ஸ்க்ரூவைச் சரிபார்ப்பதும் எந்த உறையையும்விடக் கூடுதலாகச் சூட்டைக் குறைக்கும்.

இன்சுலேட்டர் கிடைக்கவில்லை என்று லேத்தில் அலுமினியத்தில் கடைந்து போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பார்க்க அழகாக இருக்கும், சூட்டை அப்படியே கடத்தும். தடிமனைக் கூட்டினால் இன்னும் நல்லதுதானே என்றும் தோன்றும். ஸ்டட் நீளம் போதாமல் போகும், கார்புரேட்டர் பின்னால் தள்ளி ஏர் பாக்ஸ் ரப்பர் மடங்கும். கம்பெனி அளவே போதும்.

அப்புறம் ஏர் பாக்ஸ். அதன் வாயில் ஒரு ரப்பர் குழல் இருக்கும். பெரும்பாலும் சீட்டுக்கு அடியில், இன்ஜினுக்கு எட்டாத இடத்தைப் பார்த்தபடி இருக்கும். சர்வீஸின்போது யாரோ கழற்றி, திரும்பப் போடாமல் விட்ட வண்டிகள் ஏராளம். சைட் கவர் இல்லாமல் ஓடும் வண்டிகளும் அப்படித்தான். ஸ்டைலுக்காகக் கழற்றிய கவர், இன்ஜினின் அனலை ஏர் ஃபில்டர் பக்கம் வரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. கார்புரேட்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் கிழிந்திருந்தால், ஃபில்டரைத் தாண்டாமல் ஹெட்டுக்குப் பின்னாலிருந்தே காற்று உள்ளே போகும், தூசியோடு. சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜிபி ரோட்டிலோ தேடினால் பழைய மாடல்களுக்கும் இந்த ரப்பர் பாகங்கள் கிடைக்கும். எல்லாம் சேர்த்தும் செலவு பொதுவாகச் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

தகடு வைப்பது

இவ்வளவும் சரியாக இருந்தும் நகர நெரிசலில் தொல்லை தொடர்ந்தால் என் அடுத்த தேர்வு ஹீட் ஷீல்ட். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, ஹெட்டின் பின்பக்கத்துக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில். சூடான ஹெட்டிலிருந்து நேராக வரும் கதிர்வீச்சைப் பளபளப்பான முகம் திருப்பி அனுப்பும். தகட்டுக்குப் பின்னால் இருக்கும் காற்றிடைவெளி மிச்சத்தைத் தடுக்கும். இந்த இடைவெளிதான் உயிர். குறைந்தது எட்டு, பத்து மில்லிமீட்டர் விட வேண்டும். கார்புரேட்டரைத் தொட்டுக்கொண்டிருக்கும் தகடு சூட்டைத் தடுப்பதற்குப் பதில் கொண்டுவந்து கொடுக்கும்.

செய்யும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஹெட்டுக்குப் பின்னால் முழுக்க மறைத்து, பெட்டி மாதிரி அடைத்துவிடுகிறார்கள். முன்னாலிருந்து ஃபின்கள் வழியாக வரும் காற்று வெளியேறுவதே அந்தப் பின்பக்கம்தான். அதை அடைத்தால் ஏர் ஃபில்டர் குளிரும், இன்ஜின் வேகும். தகடு கார்புரேட்டரையும் பெட்டியின் வாயையும் மறைக்கும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும், இரண்டு பக்கமும் திறந்தே இருக்கட்டும். ரப்பர் புஷ் வைத்து இரண்டு போல்ட்டில் நிறுத்துங்கள், இல்லையென்றால் ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் துளையோரம் விரிசல் விடும். த்ராட்டில் கேபிளும் ப்ளக் ஒயரும் விளிம்பில் உரசக் கூடாது. தூசியும் ஆயிலும் படிந்தால் பளபளப்பு போய் பாதி பலன் போய்விடும், வண்டி கழுவும்போது துடைத்துவிடுங்கள்.

தங்க டேப்பும் வெள்ளி டேப்பும் இதே கொள்கைதான், ஆனால் இடைவெளி இல்லாமல். பிளாஸ்டிக் ஏர் பாக்ஸின் இன்ஜின் பக்க முகத்தில் ஒட்டினால் கதிர்வீச்சு கொஞ்சம் குறையும். சூடான காற்றையே பெட்டி இழுக்கிறது என்றால் டேப் ஒன்றும் செய்யாது. தகடு வைக்க இடமில்லாத வண்டியில் ஒட்டலாம். மற்றபடி தகடே மேல்.

பெண்ட் பைப் ராப்

இதைப் பற்றித்தான் கேள்விகள் அதிகம் வருகின்றன. நம்மூர் ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் சைலன்சர் பைப் முன்பக்கமாக இறங்கி அடியில் போகிறது. கார்புரேட்டர் பின்பக்கம். இரண்டுக்கும் நடுவில் மொத்த இன்ஜினும் நிற்கிறது. கார்புரேட்டரைச் சுடவைப்பது ஹெட், பைப் அல்ல. பைப்பில் ஃபைபர் நாடா சுற்றினால் கணுக்காலில் படும் அனல் கண்டிப்பாகக் குறையும். ஏர் ஃபில்டர் வாயில் கிடைக்கும் வித்தியாசம் சொற்பம்.

இழப்பு மட்டும் நிச்சயம். நாடா மழைத்தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாதாரண இரும்புப் பைப் உள்ளுக்குள் துருப்பிடித்து, நாடாவைப் பிரிக்கும் அன்றுதான் ஓட்டை தெரியும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இதை இன்னும் வேகப்படுத்தும். ஆயில் கசியும் வண்டியில் சுற்றினால் ஆயிலில் ஊறிய நாடா தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு கிடக்கிறது, அதைச் சுற்றலாம் என்று யாராவது சொன்னால் தொடவே தொடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குப் புற்றுநோய்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்கிராம்ப்ளர் பாணியில் பைப்பை மேலே ஏற்றி சைட் கவரை ஒட்டிக் கொண்டுபோன வண்டிகளில் பைப் உண்மையிலேயே ஏர் பாக்ஸுக்குப் பக்கத்து வீடு. அங்கே ராப் நியாயமானது. அப்போதும் ஸ்டெயின்லெஸ் பைப்பாக இருப்பதும், பக்கத்தில் ஒரு தகடு இருப்பதும் நல்லது. செராமிக் கோட்டிங் துருப்பிரச்சினை இல்லாத, விலை கூடிய மாற்று. பல ஆயிரம் செலவழித்து பைப்பைப் புதிதாக்கும் எண்ணம் இருந்தால் யோசிக்கலாம்.

கோன் ஃபில்டர்

ஏர் பாக்ஸைத் தூக்கிவிட்டு கார்புரேட்டரின் வாயிலேயே கோன் ஃபில்டரை மாட்டுவது ஆர்எக்ஸ் 100 காலத்திலிருந்து வரும் ஆசை. இழுக்கும் சத்தம் கேட்பதால் வண்டி வேகமாகப் போவது போலவே இருக்கும். ஆனால் அந்த ஃபில்டர் இப்போது ஹெட்டுக்கு நேர் பின்னால், வண்டியிலேயே அதிகம் சூடான காற்று தேங்கும் இடத்தில் இருக்கிறது. சீட்டுக்கு அடியிலிருந்து ஓரளவு குளிர்ந்த காற்றை எடுத்துத் தந்த பெட்டியைத்தான் நாம் தூக்கி எறிந்தோம். இதோடு ஜெட் மாற்றாவிட்டால் லீன் ஓட்டம் வேறு, மழையில் தண்ணீரும் வேறு. ஏர் பாக்ஸ் வெறும் தூசிப் பெட்டி அல்ல. அதன் கொள்ளளவும் குழலின் நீளமும் நடுத்தர ஆர்பிஎம்மில் இழுவை வரும்படி அளந்து செய்தவை. ரேஸ் ட்ராக்கில் எப்போதும் உச்ச ஆர்பிஎம்மில், எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு இது பொருந்தலாம். கிண்டியிலிருந்து தாம்பரம் போகும் வண்டிக்குப் பொருந்தாது.

முன்னாலிருந்து குழாய்

ஹெட்லைட் பக்கத்திலிருந்து குழாய் விட்டு ஏர் பாக்ஸுக்குக் கொண்டுவருவது பெரிய வண்டிகளைப் பார்த்து வந்த யோசனை. கவாஸாகி 1990-இல் இசட்இசட்ஆர் 1100-இல் முன்காற்றை அழுத்தத்தோடு உள்ளே தள்ளும் ராம் ஏர் கொடுத்தது, 1999-இல் வந்த ஹயபூசாவிலும் இருக்கிறது. கணக்குப் போட்டால், 250 கிலோமீட்டர் வேகத்தில் முன்காற்று தரும் கூடுதல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் மூன்று சதவீதத்துக்கும் கீழ். 80-இல் அது 0.3 சதவீதம்கூட இல்லை. ஆகவே அழுத்தத்துக்காகச் செய்வதில் பொருளில்லை. குளிர்ந்த காற்று கிடைக்கும் என்பது மட்டும் உண்மை, அதுவும் ஓடும்போது. ஓடும்போது பிரச்சினையே இல்லை என்று மேலே பார்த்தோம். நவம்பர் மழையில் வேளச்சேரி பக்கம் முழங்கால் தண்ணீரில் போக நேர்ந்தால், தாழ்வாக வைத்த குழாய் வாய் தண்ணீரை நேராக சிலிண்டருக்குள் கொண்டுபோகும். கனெக்டிங் ராட் வளைந்தால் அந்தச் செலவை எந்தக் குளிர்ந்த காற்றும் ஈடுகட்டாது.

ஆயில் கூலர் இன்ஜினுக்கு நல்லது, ஏர் ஃபில்டர் சூட்டுக்கு நேரடி மருந்து அல்ல. அதுவும் காற்றோட்டம் இருந்தால்தான் வேலை செய்யும். ஆயில் லைன் எடுக்க வசதி இல்லாத இன்ஜினில் துளை போட்டு வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சரியான கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாற்றுவதும், ஃபின்களுக்கு நடுவில் படிந்த சேற்றைப் பழைய டூத் பிரஷ் வைத்துச் சுரண்டி எடுப்பதும் பக்கத்திலேயே கிடைக்கும் பலன்.

எஃப்ஐ வண்டியும் ரேடியேட்டர் வண்டியும்

2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்தபின் விற்ற பைக்குகளில் பெரும்பாலானவை எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். இவற்றில் பெட்ரோல் பம்ப்பின் அழுத்தத்தில், பல வண்டிகளில் 3 பார் அளவில், இருப்பதால் எளிதில் கொதிக்காது. காற்றின் வெப்பத்தை ஒரு சென்சார் படிக்க, வண்டியின் கணினியான ஈசியூ பெட்ரோல் அளவைத் திருத்திக்கொள்ளும். இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் எதுவும் தேவையில்லை. சூட்டில் ஊறிய சென்சாரால் ஸ்டார்ட் செய்தவுடன் சில வினாடி தள்ளாடினால், கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் தானே சரியாகிவிடும். அந்த சென்சார் ஒயரில் ரெசிஸ்டர் போட்டு ‘காற்று குளிர்ச்சியாக இருக்கிறது’ என்று ஈசியூவை ஏமாற்றும் கிட்டுகள் பிக்கப் கூட்டும் என்று விற்பனைக்கு வருகின்றன. அவை காற்றைக் குளிர்விப்பதில்லை, பெட்ரோலை மட்டும் கூடுதலாக ஊற்றுகின்றன. வாரண்டி போகும், மைலேஜும் போகும்.

ரேடியேட்டர் வண்டிகளில் ஃபேன் ஓடும்போது அனல் முழுக்கப் பின்னால் தள்ளப்படுகிறது. அதை ஏர் பாக்ஸ் பக்கம் போகவிடாமல் வெளியே திருப்பிவிடத்தான் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் மூடிகளும் ரப்பர் தடுப்புகளும் வைத்திருக்கிறார்கள். விழுந்து உடைந்தபின் அவற்றை மாற்றாமல் ஓட்டுவது, கிராஷ் கார்டு மாட்டுவதற்காக அவற்றை வெட்டுவது, இரண்டும்தான் அந்த வண்டிகளில் நான் அடிக்கடி பார்க்கும் காரணம். தகடு, டேப் என்று யோசிப்பதற்கு முன் உங்கள் மாடலின் பார்ட்ஸ் படத்தை எடுத்து, அதில் இருக்கும் ஒவ்வொரு மூடியும் வண்டியிலும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.